தட்டிப் பார்த்தவர்கள்: கட்டியங்காரன் முதல் விவேக் வரை

பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த அரும்பாவூரை வெளியுலகம் மரச்சிற்பத்தின் வழியாகவே அறியும். கோயில் தேர்களும் வாகனங்களும் கதவுகளும் இறையுருவங்களும் இவ்வூர்ப் பட்டறைகளிலிருந்து நெடுந்தொலைவு செல்கின்றன. 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகை, மா, வேம்பு எனப் பலவகை மரங்கள் இங்கே உளிக்கு வருகின்றன. மரவேலை அறிந்தவர் எவரும் உளியை எடுக்குமுன் மரத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். உள்ளே பொந்து இருந்தால் ஒலி காட்டிக் கொடுத்துவிடும். மரத்தின் மேலுள்ள பகையினால் எவரும் தட்டுவதில்லை. இதை நம்பி ஒரு தெய்வ உருவத்தைச் செதுக்கப் போகிறோமே என்னும் பொறுப்புத்தான் தட்டச் சொல்கிறது.

ஆயினும் இக்கட்டுரை சிற்பத்தைப் பற்றியது அன்று. அதே ஊரில், பெரம்பலூர் தனி மாவட்டமாகாத காலத்தில் (அது 1995இல் நிகழ்ந்தது, அதற்கு முன் இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டம்), ஒரு திருவிழா இரவில் நாம் கண்ட கூத்தொன்றைப் பற்றியது. கதை அரிச்சந்திரன். ஊரே பாயும் போர்வையுமாக வந்து அமர்ந்திருந்தது. பெரியவர்கள் மயான காண்டத்திற்காகக் காத்திருந்தார்கள். சிறுவர்களாகிய நாங்களோ கட்டியங்காரனுக்காகக் காத்திருந்தோம்.

கூத்தில் அரசன் நேரே அரங்கிற்கு வந்துவிட முடியாது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாடவேண்டும். கட்டியங்காரன் அவனை விசாரிப்பான்: நீ யார், உன் நாடு எது, இங்கு வந்த காரியம் என்ன? மூவுலகும் அறிந்த மன்னனே ஆனாலும் அரைக்கால் சட்டையும் கோணல் தொப்பியும் அணிந்த ஒருவனிடம் தன் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அரங்கில் உள்ள பிறர் அனைவரும் புராண காலத்தில் வாழ்பவர்கள். கட்டியங்காரன் ஒருவனே அயோத்தியிலும் இருப்பான், அரும்பாவூர்ப் பேருந்து நிறுத்தத்திலும் இருப்பான்.

அன்றிரவு அவன் மூன்று கேள்விகள் கேட்டான். சந்தையில் எல்லா நோய்க்கும் ஒரே எண்ணெய் விற்பவரைப் பற்றி முதலாவது: மருந்து ஒன்றுதான் என்றால் நோய்க்கு மட்டும் எதற்கு இத்தனை பெயர்? ஊரெங்கும் அலறிய திரைப்பாட்டைப் பற்றி இரண்டாவது: பாட்டுப் புதிதா, குழாய் புதிதா? சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்த நட்சத்திரத்தைப் பற்றி மூன்றாவது: உனக்கு அவரைத் தெரிகிறது, அவருக்கு உன்னைத் தெரியுமா? கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்ததும் கட்டியங்காரன் மீண்டும் மன்னனுக்கு வெண்சாமரம் வீசப் போய்விட்டான்.

உடல்நலம், புதிய இசை, வெகுசன மோகம்: இம்மூன்றையும் ஐயுறும் உரிமையைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாக நகைச்சுவைக் கலைஞனிடமே ஒப்படைத்து வந்திருக்கிறது. அந்த உரிமையை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினார்கள், எங்கே தவறினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைக் கூடியவரை வரிசைப்படுத்திப் பார்ப்பதே நமது நோக்கம். ஐயம் வேறு, அவநம்பிக்கை வேறு. ஐயம் விடை கேட்கிறது. விடை கிடைத்தால் அமைகிறது. அவநம்பிக்கைக்கு விடை தேவையில்லை. இந்த வேறுபாடு இன்று வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதை வாசகர்கள் கட்டுரையின் பிற்பகுதியில் காண்பார்கள்.

கூத்தின் கட்டியங்காரன் நாடக மேடைக்கு வந்தபோது 'பபூன்' என்னும் பெயர் பெற்றான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புராண நாடகங்களை எழுதி, பாட்டமைத்து, சிறுவர் குழுக்களைப் பயிற்றிய காலத்தில், கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் வந்துபோகும் இந்தப் பாத்திரத்தை மக்கள் கைவிடவில்லை. நகரத்தில் சுகுண விலாச சபையை நடத்திய பம்மல் சம்பந்த முதலியாரோ ஒரு படி மேலே சென்று, பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத 'சந்திரஹரி'யை எழுதினார். கட்டியங்காரன் அரிச்சந்திரனின் அருகில் நின்று கேட்ட கேள்வி இங்கே முழு நாடகமாகவே வளர்ந்துவிட்டது. 1941இல் இது திரைப்படமாக வந்தபோது அதில் தோன்றியவர் என்.எஸ்.கிருஷ்ணன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிறந்த கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் பழகியவர். 1930களின் நடுவில் 'மேனகா', 'சதி லீலாவதி' ஆகிய படங்களின் வழியே திரைக்கு வந்தார். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து அவர் நடத்திய அந்தச் சிறு பகுதிகள், படத்தின் கதை எதுவாயினும் தமக்கென்று ஒரு வழக்காடு மன்றத்தை வைத்திருந்தன. கணவன் ஒரு புதுமையைக் கொண்டுவருவான். மனைவி கேள்வி கேட்பாள். அல்லது மனைவி ஒரு நம்பிக்கையைச் சொல்வாள். கணவன் அதைப் புரட்டிப் பார்ப்பான். கலைவாணரின் ஐயம் எப்போதும் ஒரே திசையில் பாய்வதில்லை. பழமையைக் கேலி செய்த அதே வாயால், புதுமை என்ற பெயரில் வரும் போலித்தனத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இசையில் இதற்குச் சிறந்த சான்று 'கிந்தனார்' கதாகாலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்தின் செவியில் ஊறியது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினார்கள். அந்த இசையில் மயங்கிய அவையினரிடம் அதே காலட்சேப வடிவத்தைக் கொண்டுவந்து, உள்ளே இருந்த கதையை மாற்றிவிட்டார் கலைவாணர். நந்தன் சிதம்பரத்திற்குப் போக ஏங்கினான். கிந்தன் பட்டணத்திற்குப் போக ஏங்குகிறான். நந்தன் நெருப்பில் மூழ்கித் தூய்மை பெற வேண்டியிருந்தது. கிந்தன் இரயிலேறிச் சென்று கல்வி கற்றுக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். அண்ணாதுரை கதை எழுதிய 'நல்லதம்பி' (1949) படத்தில் இது இடம்பெற்றுப் பரவலாக அறியப்பட்டது. இங்கே இசை கேலி செய்யப்படவில்லை என்பதை உற்று நோக்க வேண்டும். காலட்சேபத்தின் மெட்டும் நடையும் அப்படியே மதிக்கப்படுகின்றன. ஏன் ஒருவன் நெருப்பில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுகிறது. பாட்டுப் புதிதா, குழாய் புதிதா என்று கேட்டவனின் வழித்தோன்றல்தான் இவர். பாட்டைப் பழையதாகவே வைத்துக்கொண்டு பொருளைப் புதிதாக்கினார்.

அதே படம் மதுவிலக்கையும் வலியுறுத்தியது. சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1948 அக்டோபர் 2ஆம் நாள். குடியின் கேட்டைச் சொல்லும் பாடல்கள் அக்காலத்தில் ஏராளம். பெரும்பாலானவை அறநூல் படிப்பதுபோல் இருக்கும். கலைவாணரிடம் அறிவுரையும் சிரிப்பும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு வந்தன. அறிவுரை சொல்பவன் தன்னையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டால்தான் கேட்பவன் கேட்பான் என்பது அவர் கற்ற பாடம். 1956இல் வந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளையே ஒரு பாட்டாக அவர் பாடிக் காட்டினார். சிரிப்பை ஒரு பொருளாகக் கையில் எடுத்து ஆராய்ந்த பாடல் தமிழில் அதுபோல் மற்றொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

சரி, வெகுசன மோகம்? அதைப் பற்றிய கேள்வியைக் கலைவாணர் கேட்பதற்கு முன்பே, அது அவரைப் பிடித்துக்கொண்டது. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராஜ பாகவதரின் புகழ் உச்சியில் இருந்தது. படத்தில் கலைவாணரும் இருந்தார். நட்சத்திர மோகத்தின் மறுபக்கம் வம்பு. 'சினிமா தூது' என்ற இதழையும் பின்னர் 'இந்து நேசன்' என்ற இதழையும் நடத்திய லட்சுமிகாந்தன், நடிகர்களின் அந்தரங்கம் என்று சொல்லப்பட்டவற்றை அச்சேற்றி விற்றார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

ஈராண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன. பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கலைவாணரோ திரும்பி வந்து 'நல்லதம்பி'யைத் தந்தார், 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களை இயக்கினார். ஏன் இந்த வேறுபாடு? பாகவதரை மக்கள் வழிபட்டார்கள். சிறை சென்ற தெய்வத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கிருஷ்ணனைத் தங்களுள் ஒருவராகக் கண்டார்கள். சிறை சென்று மீண்ட உறவினரை வீட்டுக்குள் அழைப்பதில் தயக்கம் இல்லை. இது நமது ஊகமே. ஆனால் சுவரொட்டியில் இருப்பவருக்கு உன்னைத் தெரியுமா என்ற கேள்விக்கு, தெரியும் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர் கலைவாணர். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நாற்பத்தெட்டு வயதில் அவர் மறைந்தார். ஈட்டியதையெல்லாம் வாரி வழங்கியவர் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

புகழ்ச்சியோடு நின்றுவிட்டால் வரலாறு முழுமையாகாது. ஐயுறுபவரும் ஐயுறாமல் விட்ட இடங்கள் உண்டு. எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' (1954) அவற்றுள் தலையாயது. திருவாரூர் கே.தங்கராசு எழுதி மேடையில் புகழ்பெற்ற நாடகம் அது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் தாய், மனைவி, ஊர், சடங்கு, பக்தி என எதையும் விட்டுவைக்காமல் எள்ளுகிறான். ராதாவின் குரலில் அந்த எள்ளல் இன்றும் கூர் மழுங்காதது. ஆனால் கதை அவனுக்குத் தொழுநோயைத் தண்டனையாகத் தருகிறது. மூடநம்பிக்கைகளை வாழ்நாள் முழுவதும் தாக்கிய ஒரு கலைஞரின் மிகப்பெரிய வெற்றி, நோய் என்பது பாவத்தின் சம்பளம் என்ற மிகப் பழைய நம்பிக்கையின் மீது நின்றது.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். சல்போன் வகை மருந்துகள் 1940களில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் முடங்கிய கைவிரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் பணியை 1940களின் இறுதியில் தொடங்கியிருந்தார். அதாவது, திரையரங்கில் மோகனசுந்தரத்தைப் பார்த்து மக்கள் அஞ்சி நடுங்கிய அதே ஆண்டுகளில், இதே தமிழ்நாட்டில் அந்நோயாளிகள் கைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லா நோய்க்கும் ஒரே எண்ணெய் விற்றவரைக் கேள்வி கேட்டவன் நம் கட்டியங்காரன். ஒரு நோய்க்கு ஒரே காரணம் பாவம் என்றவரை யார் கேட்டது? தெருவில் தொழுநோயாளியைக் கண்டு கல்லெறிந்த சிறுவர்களுக்கு அந்தப் படம் ஒரு நியாயத்தைத் தந்துவிட்டதோ என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்குவதில்லை.

புதிய இசையின் பக்கம் வந்தால் ஜே.பி.சந்திரபாபு (1927–1974) நிற்கிறார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் பயின்றவர். வாய்ப்புக் கேட்டுப் பட நிறுவனங்களின் வாயிலில் நின்று மனமுடைந்தவர். மேனாட்டு ஆட்டத்தையும், தொண்டையை உடைத்துப் பாடும் 'யோடலிங்' முறையையும் தமிழ்த் திரைப்பாட்டுக்குள் அவர் கொண்டுவந்தார். தம் பாட்டைத் தாமே பாடினார். புதிய இசையை நோக்கிக் கலைவாணர் கேட்ட கேள்வியைச் சந்திரபாபு கேட்கவில்லை. அவர் அந்த இசைக்குள் குதித்தே பார்த்தார். ஆனால் கால் தடுக்கியபடியே ஆடினார். ஆட்டம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு தடுமாற்றமாகத் தோன்றும். மேனாட்டு நாகரிகத்தை அணிந்துகொள்ளும் நடுத்தரத் தமிழனின் ஆசையும் கூச்சமும் ஒருங்கே அந்த உடலில் தெரிந்தன. புதுமையைத் தட்டிப் பார்க்க இப்படியும் ஒரு வழி உண்டு என்று அவர் காட்டிச் சென்றார்.

இந்த வரிசையில் நமக்கு மிக அண்மையில் இருந்தவர் விவேக். 1961 நவம்பர் 19ஆம் நாள் பிறந்தவர். தலைமைச் செயலகத்தில் பணியாற்றிக்கொண்டே நகைச்சுவை மன்றத்தில் பேசி வந்தவரை, கே.பாலசந்தர் 'மனதில் உறுதி வேண்டும்' (1987) படத்தில் அறிமுகம் செய்தார். 'சின்னக் கலைவாணர்' என்ற பட்டம் அவருக்குச் சும்மா வரவில்லை. சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் முதல் சாதிப் பெருமை வரை அவர் தட்டிப் பார்த்தவை பல. 'ரன்' (2002) படத்தில் பட்டணத்துக்கு வந்து மலிவு விலைப் பிரியாணி தின்று, அது காக்கைக் கறி என்று அறியும் காட்சியில் சிரிக்காதவர் இல்லை. தெருவோரத்து உணவின் மீது அப்போது தமிழகத்துக்கே ஓர் ஐயம் பிறந்தது! 'பாய்ஸ்' (2003) படத்தில், புதிய இசைக்குழு அமைக்கத் திணறும் இளைஞர்களுக்கு வழிகாட்டும் மங்கலமாக வந்தார். புதுமையை ஏசாமலும் ஏற்றிப் போற்றாமலும் அதற்கு ஒரு வேளைச் சோறு தேடித் தரும் பாத்திரம் அது. 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அப்துல் கலாமின் தூண்டுதலால் ஒரு கோடி மரக்கன்றுகள் நடும் இலக்கோடு ஊர் ஊராகச் சென்றார்.

குறைகள் அவரிடமும் உண்டு. கரிய நிறத்தையும் பருத்த உடலையும் திருநங்கையரையும் சிரிப்புக்கு எடுத்துக்கொண்ட தமிழ்ப்பட வழக்கத்திற்கு அவர் நடித்த படங்கள் விலக்கல்ல. பெரியவற்றைக் கேள்வி கேட்க வேண்டிய சிரிப்பு, எளியவரைக் கண்டால் கேள்வியை மறந்துவிடுகிறது. இதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அவருக்கே பொருந்தாது.

2021 ஏப்ரல் 15ஆம் நாள் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்கள் அனைவரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று செய்தியாளர்களிடம் கேட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் எதையும் நம்பிவிடாதே என்று சிரிக்கச் சொல்லித் தந்தவர், இதை நம்பு என்று தம் கையை நீட்டிச் சொன்ன நாள் அது. மறுநாள் காலை மாரடைப்பு. பதினேழாம் நாள் அதிகாலையில் மறைந்தார். இதயத்தின் முதன்மையான இரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அத்தகைய அடைப்புக்கு வழிவகுக்கும் இரத்தக்குழாய் நோய் பெரும்பாலும் ஒரே நாளில் உண்டாவதில்லை.

ஆனால் ஊர் அதைக் கேட்கவில்லை. ஊசி போட்டார், செத்தார் என்ற இரண்டு சொற்களுக்கு இடையில் வேறு எதற்கும் இடமில்லாமல் போயிற்று. தடுப்பூசி முகாம்களுக்கு வரத் தயங்கியவர்களுக்கு அவர் பெயரே காரணமாயிற்று. தடுப்பூசிக்குப் பின்னான பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அவர் மரணத்தை ஆய்ந்து, தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் முடிவைத் தெரிவித்தது. அதற்குள் ஆறு மாதங்கள் கடந்திருந்தன. இடையில் நோயின் இரண்டாம் அலை வந்து போயிருந்தது. எலுமிச்சம்பழத்தைக் கேள்வி கேட்ட மனிதரின் உடல், விடை கேளாத வதந்திக்கு எலுமிச்சம்பழமாயிற்று. இதைவிடக் கொடிய நகைமுரணைத் தமிழ் நகைச்சுவையின் வரலாற்றில் நாம் கண்டதில்லை.

முதலில் சொன்ன வேறுபாட்டின் பொருள் இங்கே விளங்கும். அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று கேட்பது ஐயம், அதில் குற்றமில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியவர்களை மூடர் என்று ஏசியது பிழை என்றே கருதுகிறோம். உறவினர் ஒருவரை இழந்த வீட்டில் எழும் கேள்வி அது. ஆனால் விடை வந்த பின்னும் கேள்வியிலேயே குடியிருப்பது அவநம்பிக்கை. கட்டியங்காரன் அரசனைக் கேள்வி கேட்கிறான். அரசன் பெயரும் நாடும் சொன்னதும் திரை விலகுகிறது, கூத்துத் தொடர்கிறது. விடை கேட்டும் திரையை விலக்க மறுத்தால் விடியும்வரை கூத்தே இல்லை.

நகைச்சுவையாளர்களிடம் நாம் கற்க வேண்டியது கேலியை மட்டுமல்ல, கேலிக்குப் பின் அவர்கள் செய்ததையும்தான். கலைவாணர் நந்தனின் நெருப்பை ஐயுற்றார். உடனே கிந்தனை இரயிலேற்றினார். சந்திரபாபு புதிய இசையை ஆடியே சோதித்தார். விவேக் மரக்கன்று நட்டார், கையை நீட்டினார். ராதா தவறிய இடத்தில் அவர் தட்டவே இல்லை. தட்டியிருந்தால் அந்தப் பொந்து அவருக்கும் கேட்டிருக்கும்.

அரும்பாவூரில் அன்றிரவு மயான காண்டம் முடிந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அழுது ஓய்ந்த ஊர் எழுந்து வீட்டுக்கு நடந்தது. கட்டியங்காரன் அரிதாரம் கலையாத முகத்தோடு தேநீர்க் கடையில் நின்றிருந்தான். எங்களைக் கண்டதும், காய்ச்சல் கண்டிருந்த எங்கள் கூட்டத்துச் சிறுவன் ஒருவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சந்தைப் பக்கம் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்றான். இரவு அவன் கேட்ட கேள்விக்கான விடை அதுதான் என்பது நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.